ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும்: பரங்கிக்காய் பிரெட் எதனால் உப்புகிறது?

செப்டம்பர் கடைசியில் வட அமெரிக்காவில் இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் வீட்டு ஓவன்களுக்கு வேலை வந்துவிடும். பரங்கிக்காய் பிரெட், ஆப்பிள் கேக், மொலாசஸும் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) சுக்கும் சேர்ந்த ஜிஞ்சர்பிரெட், மோர் ஊற்றிய சோள பிரெட் என்று வரிசையாக நடக்கும். கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையும் அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமையும் வரும் தேங்க்ஸ்கிவிங் வரை இது ஓயாது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஈஸ்ட் கிடையாது. மாவு ஊறவும் வேண்டாம். கலந்த கையோடு ஓவனில் வைத்துவிடலாம் என்பதால் இந்த வகைக்கு ‘க்விக் பிரெட்’ என்று பெயர். பதத்தில் இது பிரெட்டைவிடக் கேக்குக்குத்தான் நெருக்கம்.

இந்தக் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். குறிப்பில் பேக்கிங் சோடா என்று இருக்கும். அலமாரியில் பேக்கிங் பவுடர் இருக்கும். “இரண்டும் ஒன்றுதானே” என்று அதே அளவு போட்டால் பிரெட் செங்கல்லாக வரும். மாற்றிச் செய்தால் வாயெல்லாம் சோப்பு வாடை அடிக்கும். “உப்பவில்லையா, இன்னும் கொஞ்சம் சோடா போடு” என்ற அறிவுரையும் கூடவே வரும். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். இந்த இரண்டு வெள்ளைப் பொடிகளும் உள்ளே என்ன செய்கின்றன என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் எந்தக் குறிப்பையும் நாமே சரிபார்த்துவிடலாம்.

## உப்புவது என்றால் என்ன?

இட்லி மாவிலிருந்து தொடங்குவோம். அரைத்து வைத்த மாவு மறுநாள் காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுகிறது. இரவு முழுக்க மாவிலிருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடு என்ற வாயுவை விட்டதுதான் காரணம். உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இட்லித் தட்டில் ஊற்றி வேகவைக்கும்போது, குமிழி இருந்த இடமெல்லாம் ஓட்டையாக நிற்க, சுற்றியுள்ள மாவு வெந்து இறுகுகிறது. நாம் மெத்தென்று சொல்வது அந்த ஓட்டைகளைத்தான்.

க்விக் பிரெட்டிலும் இதே மூன்றும் வேண்டும்: வாயு, அதைப் பிடித்து வைக்கும் மாவு, சரியான நேரத்தில் இறுகுவது. ஒரே வேறுபாடு, எட்டு மணி நேரம் எடுத்த வேலையைச் சில நிமிடங்களில் ஒரு வேதிவினை முடித்துவிடுகிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. சோடாவிலிருந்து வரும் வாயு தானாகப் புதுக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. மாவைக் கலக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் ஏற்கெனவே இருக்கும். வாயு அவற்றுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிப்பதும், முட்டையையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடிப்பதும் இதற்காகத்தான். நுண்ணிய குமிழிகள் நிறைய இருந்தால் பிரெட்டின் உட்புறம் பஞ்சுபோல் சீராக வரும். குமிழிகள் குறைவாக இருந்தால் எவ்வளவு சோடா போட்டாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய பொந்துகள்தான் கிடைக்கும்.

இதுவரை பார்த்தது: கலக்கும்போது காற்று குமிழியாக நுழைகிறது, வாயு அதைப் பெரிதாக்குகிறது, சூடு அதை அப்படியே இறுகவைக்கிறது. இனி அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

## ஆப்ப சோடா: பாதி மருந்து

மளிகைக் கடையில் ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்றெல்லாம் கேட்டு வாங்குவதும், வெளிநாட்டுக் குறிப்புகளில் பேக்கிங் சோடா என்று வருவதும் ஒரே பொருள்தான்: சோடியம் பைகார்பனேட். அதில் வேறு எதுவும் கலந்திருக்காது.

இந்தப் பொருள் அமிலத்துக்கு நேர் எதிரான குணம் கொண்டது. அந்தக் குணத்தை வேதியியலில் காரத்தன்மை என்பார்கள். ஒரு சிட்டிகை சோடாவில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள், சீறிப் பொங்கும். அமிலமும் காரமும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, மிச்சமாகத் தண்ணீரும் ஒரு உப்பும் நிற்கின்றன. 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனை விடச் சற்றே கூடுதலான சோடா, முழுதாக இப்படி வினைபுரிந்தால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.4 லிட்டர் வாயு வரும். ஒரு பிரெட் டின்னின் கொள்ளளவைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அளவு என்று தெரியும். குறிப்புகளில் கால், அரை டீஸ்பூன் என்று கஞ்சத்தனமாக எழுதியிருப்பது இதனால்தான்.

மாவில் புளிப்பே இல்லையென்றால் என்ன ஆகும்? அப்போதும் சோடா சும்மா இருக்காது. சூடு ஏறும்போது தானாகச் சிதையும். ஆனால் இரண்டு நட்டங்கள். முதலாவது, அமிலத்துடன் சேர்ந்தால் வரும் வாயுவில் பாதிதான் இப்போது வரும். இரண்டாவது, பின்னால் தங்குவது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. அதற்குக் கடுமையான காரத்தன்மை உண்டு. நாக்கில் சோப்புபோல் படுவது இதுதான். வாயு போதவில்லை என்று சோடாவைக் கூட்டினால் இந்த மிச்சமும் சேர்ந்து கூடுகிறது. ‘இன்னும் கொஞ்சம் சோடா போடு’ என்ற அறிவுரை ஏன் தவறு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

சோடாவின் இன்னொரு வேலை நிறம் கொடுப்பது. மாவில் காரத்தன்மை சற்று ஏறினால் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவக்கும் வினை வேகமாக நடக்கும். சாஃப்ட் குக்கியும் ஜிஞ்சர்பிரெட்டும் அடர்ந்த பழுப்பாக வருவதில் இதற்குப் பங்கு உண்டு. அதே சோடா அளவு மீறினால் மேல்புறம் கருகிய நிறத்துக்குப் போய்விடும், உள்ளே வெந்திருக்காது.

சுருக்கமாக, சோடா பாதி மருந்து. மறுபாதியான புளிப்பைக் குறிப்பிலுள்ள வேறு பொருள் கொடுத்தாக வேண்டும்.

## பேக்கிங் பவுடர்: புளிப்பையும் உள்ளே வைத்த பொடி

அமெரிக்காவில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைப் போட்டுத்தான் கேக்கை உப்பவைத்தார்கள். 1796-இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான சமையல் புத்தகத்திலேயே அது இருக்கிறது. 1846-இல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் அமெரிக்காவில் சோடாவைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். அதனுடன் புளித்த மோரோ மொலாசஸோ சேர்ப்பது வழக்கம். ஆனால் மோர் ஒரு நாள் அதிகம் புளித்திருக்கும், ஒரு நாள் குறைவாகப் புளித்திருக்கும். கேக்கும் அதற்கேற்ப மாறும்.

இந்த நிச்சயமின்மையைத் தீர்க்கத்தான் புளிப்பையும் தூளாக்கிச் சோடாவுடன் சேர்த்தார்கள். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்து வணிகர் 1843-இல் அப்படியொரு பொடியைச் செய்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. 1850-களில் ஹார்வர்டு வேதியியல் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு, இதற்கென்றே ஒரு கால்சியம் பாஸ்பேட்டைத் தூள் அமிலமாகக் கொண்டுவந்தார். இன்றைய பேக்கிங் பவுடரின் அடித்தளம் அது.

டின்னுக்குள் இருப்பவை மூன்று: சோடா, தூளாக்கிய அமிலம், சோளமாவு. சோளமாவின் வேலை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பிரித்து வைப்பது. தண்ணீர் பட்டதும் அமிலமும் சோடாவும் கரைந்து சந்திக்கும், வாயு கிளம்பும். நாம் தனியாகப் புளிப்பு சேர்க்க வேண்டியதில்லை.

சில பொடிகளில் உள்ள அமிலம் ஈரம் பட்டவுடனேயே முழு வேலையையும் முடித்துவிடும். அப்படிப்பட்ட மாவை மேடையில் பத்து நிமிடம் விட்டால் வாயு பறந்துவிடும். ஈனோ போன்ற ஃப்ரூட் சால்ட்டும் இந்த இனம்தான். அதிலுள்ள சிட்ரிக் அமிலம் காத்திருக்காது. உடனடி இட்லிக்கும் டோக்ளாவுக்கும் ஈனோவைப் போட்ட கையோடு தட்டில் ஊற்றச் சொல்வது அதனால்தான். ஒரு மணி நேரம் வேகும் பிரெட்டுக்கு அதை நம்ப வேண்டாம்.

இன்று பரவலாக விற்பது ‘டபுள் ஆக்டிங்’ பொடி. இதில் இரண்டு அமிலங்கள் இருக்கலாம். ஒன்று ஈரத்தில் வேலை செய்யும், இன்னொன்று சூடு ஏறும்வரை காத்திருக்கும். கலக்கும்போது ஒரு தவணை வாயு, ஓவனுக்குள் இன்னொரு தவணை. எந்த வகை என்று டின்னின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சேர்க்கைப் பொருள் எண்களைப் பார்த்தால் தெரியும். 500(ii) என்பது சோடா. 341(i) என்பது ஹார்ஸ்ஃபோர்டின் வழிவந்த பாஸ்பேட், பெரும்பாலும் கலக்கும்போதே வேலை செய்வது. 450(i), 541, 521 ஆகியவை தாமதமாக, சூட்டில் வேலை செய்பவை. கடைசி இரண்டிலும் அலுமினியம் உண்டு. அளவு கூடினால் சிலருக்கு நாக்கில் லேசான உலோகச் சுவை தட்டும். அது பிடிக்காதவர்கள் இந்த இரண்டு எண்களும் இல்லாத டின்னாகப் பார்த்து வாங்கலாம்.

சோடா தனி ஆள். பேக்கிங் பவுடர் என்பது சோடாவும் புளிப்பும் சோளமாவும் சேர்ந்த கூட்டு. அதனால் ஒரு ஸ்பூன் பவுடரில் உள்ள சோடா கால் பங்குக்குச் சற்று மேல்தான்.

## ஒன்று இருக்கிறது, மற்றது இல்லை

ஒரு கப் மைதாவுக்கு, அதாவது 120 கிராமுக்கு, பேக்கிங் பவுடர் என்றால் 1 டீஸ்பூன், சோடா என்றால் ¼ டீஸ்பூன். இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எந்தக் குறிப்பிலாவது இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

குறிப்பில் 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கேட்கிறது, வீட்டில் ஆப்ப சோடாதான் இருக்கிறது என்றால் ¼ டீஸ்பூன் சோடா போட்டு, கூடவே புளிப்பும் கொடுக்க வேண்டும். ½ டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்டார் என்ற தூள் இருந்தால் கச்சிதம். இல்லையென்றால் குறிப்பிலுள்ள பாலில் அரை கப்பை, அதாவது 120 மிலியை, எடுத்துவிட்டு அதே அளவு புளித்த மோர் ஊற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இணையத்தில் பல இடங்களில் ‘அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு போதும்’ என்று எழுதியிருக்கிறார்கள். கால் டீஸ்பூன் சோடாவைத் தீர்க்க அந்தப் புளிப்பு போதவே போதாது.

எதிர்த்திசையில், சோடா கேட்கும் இடத்தில் பவுடர்தான் இருக்கிறது என்றால் மூன்று முதல் நான்கு மடங்கு போட வேண்டியிருக்கும். அரை டீஸ்பூன் சோடா வரை இதைச் செய்யலாம். அதற்கு மேல் போனால் டின்னிலுள்ள உப்புகளின் கசப்பு எட்டிப்பார்க்கும். இன்னொன்று, குறிப்பிலுள்ள மோரும் மொலாசஸும் தீராமல் அப்படியே நிற்பதால் பிரெட் புளிக்கும், நிறமும் வெளிறிவிடும். அங்கே மோருக்குப் பதில் பால் ஊற்றுவது நல்லது.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை உப்பவைப்பதற்கு மட்டும் போடுவதில்லை. வெந்து இறுகி, குமிழிச் சுவர்களைத் தாங்குவதும் அதுதான். முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குச் சோடாவைக் கூட்டினால், தாங்க ஆளில்லாத குமிழிகள் பெருத்து உடையும். கெட்டித் தயிர், மசித்த பழம் என்று பிடிமானம் தரும் பொருளைச் சேர்த்துச் செய்ய வேண்டும்.

## புளிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

மோர், தயிர், எலுமிச்சை, வினிகர் ஆகியவை புளிப்பு என்று நாக்கே சொல்லிவிடும். ஆனால் நாக்குக்குத் தெரியாத புளிப்பும் உண்டு. மொலாசஸ் இனிப்புக்குப் பின்னால் நல்ல அமிலத்தன்மை கொண்டது. மொலாசஸ் பூசிய பிரவுன் சுகரிலும் கொஞ்சம் உண்டு. ஆப்பிள் மசியல், தேன், சாதாரண கோகோ தூள், காபி எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். ‘டச் ப்ராசஸ்’ என்று எழுதிய கருத்த கோகோவில் மட்டும் புளிப்பை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள்; அதைச் சோடாவுடன் மட்டும் ஜோடி சேர்த்தால் கேக் எழும்பாது.

பரங்கிக்காய் மசியலில் புளிப்பு இருக்கிறது, ஆனால் மிகக் குறைவு. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காய்ச்சும் இடத்தில் சுண்ணாம்பு எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொறுத்து மாறும். அவற்றின் புளிப்பை நம்பிச் சோடா போடுவது குருட்டு ஆட்டம்.

ஒரு கப் புளித்த மோர், 240 மிலி, ஏறத்தாழ ½ டீஸ்பூன் சோடாவைத் தீர்க்கும். இதுதான் அளவுகோல். இதை வைத்துப் பார்த்தால் அமெரிக்க வீடுகளில் வழங்கும் பல பரங்கிக்காய் பிரெட் குறிப்புகளில் 1 டீஸ்பூன் சோடா இருப்பது கணக்குக்கு ஒத்து வராது. அங்கே சோடாவின் பெரும்பகுதி புளிப்பு கிடைக்காமல் சூட்டில் சிதைகிறது. கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் அந்தச் சோப்பு வாடையை மூடிவிடுகின்றன. அடர்ந்த நிறம் போனஸ். மசாலாவைக் குறைத்துச் செய்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கீழே கொடுத்திருக்கும் அளவில் சோடாவைப் புளிப்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்து, மிச்ச வேலையைப் பேக்கிங் பவுடருக்குக் கொடுத்திருக்கிறது.

## ஓவனுக்குள் நடப்பது

175 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்த மாவு ஓரத்திலிருந்து சூடாகிறது. முதலில் குமிழியிலுள்ள காற்று விரிகிறது. பிறகு பவுடரின் இரண்டாம் தவணை வாயு வருகிறது. இன்னும் சூடேறும்போது தண்ணீர் ஆவியாகி அதுவும் குமிழிகளைத் தள்ளுகிறது. இதற்கிடையில் முட்டைப் புரதம் இறுகத் தொடங்குகிறது. மைதாவிலுள்ள மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கஞ்சிபோல் கெட்டிப்படுகிறது. சர்க்கரை அதிகமான மாவில் இது தாமதமாகும்; குமிழிகள் வளரக் கூடுதல் நேரம் கிடைக்கும் என்பது அதன் நன்மை.

எல்லாம் இந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது. குமிழி வளர்ந்து முடியும் வேளையில் சுவர் இறுக வேண்டும். வாயு அதிகமாகி முந்திக்கொண்டால் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே மிதந்து வந்து உடையும். முப்பதாவது நிமிடத்தில் கோபுரமாக எழுந்து நின்ற பிரெட் நாற்பதாவது நிமிடத்தில் நடுவில் குழி விழுவது இப்படித்தான்.

மேல்புறத்தில் நீளவாக்கில் விழும் வெடிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓரமும் மேல்தோலும் முதலில் இறுகிவிடும், நடுப்பகுதி அதற்குப் பிறகும் எழும்பும்; அந்த அழுத்தத்தில் தோல் பிளக்கிறது. லோஃப் டின்னில் செய்யும் எந்தப் பிரெட்டுக்கும் அது இயல்பு.

## செய்முறை: ஒரு பரங்கிக்காய் பிரெட்

அமெரிக்காவில் டின்னில் வரும் மசியலுக்குப் பெரிதும் பயன்படுவது டிக்கின்சன் என்ற பரங்கி ரகம். நம் ஊர்ப் பரங்கிக்காயும் அதே தாவர இனம், குகுர்பிட்டா மோஷாட்டா. அதனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கும் காயில் இதைத் தயங்காமல் செய்யலாம். முற்றிய, சதை அடர்ந்த காயாகப் பாருங்கள். தோல் சீவித் துண்டு போட்டு, தண்ணீரில் முக்காமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். பிறகு மெல்லிய துணியில் கொட்டி ஒரு மணி நேரம் தண்ணீரை வடியவிடுங்கள். ஸ்பூனில் எடுத்தால் குவியலாக நிற்க வேண்டும், வழியக் கூடாது. பிரெட்டின் அடியில் களிபோல் ஒரு பட்டை தங்குவதற்கு நீர்த்த மசியல்தான் முதல் காரணம்.

உலர்ந்த பொருள்கள்: மைதா 210 கிராம், பேக்கிங் பவுடர் 1½ டீஸ்பூன், ஆப்ப சோடா ¼ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன், பட்டைத்தூள் 1½ டீஸ்பூன், சுக்குத்தூள் ½ டீஸ்பூன், ஜாதிக்காய்த்தூள் ¼ டீஸ்பூன், கிராம்புத்தூள் ஒரு பெரிய சிட்டிகை.

ஈரமான பொருள்கள்: பரங்கிக்காய் மசியல் 245 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், முட்டை 2, வாசனையில்லாத எண்ணெய் 120 மிலி, கடைந்த புளித்த தயிர் 60 மிலி. நாட்டுச் சர்க்கரை போடுவதானால் தயிர் நன்றாகவே புளித்திருக்கட்டும்.

ஓவனை 175 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்குங்கள். 23 × 13 சென்டிமீட்டர் லோஃப் டின்னில் எண்ணெய் தடவிக் காகிதம் விரியுங்கள். மைதா முதல் கிராம்புத்தூள் வரை எல்லாவற்றையும் சேர்த்துச் சலியுங்கள். இந்தச் சலிப்பு சம்பிரதாயத்துக்கு இல்லை. சோடா கட்டியாக நின்றால் அந்த இடத்தில் பழுப்புப் புள்ளி விழும், கடித்தால் கசக்கும்.

இன்னொரு பாத்திரத்தில் முட்டையையும் இரண்டு சர்க்கரையையும் விஸ்க்கால் இரண்டு நிமிடம், நிறம் சற்று வெளிறிக் கெட்டியாகும்வரை அடியுங்கள். குமிழிகள் உள்ளே போவது இந்த இரண்டு நிமிடத்தில்தான். எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலந்து, மசியலையும் தயிரையும் சேருங்கள். கடைசியாக உலர்ந்த மாவைக் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து மேலே எடுத்து மடித்துக் கலக்குங்கள். பதினைந்து, இருபது முறை போதும். வெள்ளை மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். சின்னச் சின்னத் திப்பிகள் இருந்தால் பரவாயில்லை. விடாமல் கலக்கினால் மைதாவிலுள்ள புரதம் ரப்பர்போல் பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலுக்குப் பெயர் குளூட்டன். பரோட்டாவுக்கு அது வரம், இங்கே அது பிரெட்டை ஜவ்வாக்கி, உள்ளே நீளநீளமான சுரங்கங்களைக் குடைந்துவிடும்.

டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். உடனே ஓவனில் வைத்து 55 முதல் 65 நிமிடம் விடுங்கள். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்; சுவர் இறுகுவதற்கு முன் சூடு இறங்கினால் நடுப்பகுதி அமுங்கிவிடும். நடுவில் பல்குத்தும் குச்சியைக் குத்தினால் ஈர மாவு ஒட்டாமல் வர வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் உட்புறம் 96 டிகிரி. பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். மாவுச்சத்து இறுகி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். மறுநாள் வெட்டினால் மசாலா இன்னும் சேர்ந்திருக்கும், துண்டும் உதிராது.

## கோளாறு வந்தால்

நடுவில் குழி விழுந்தால் முதலில் சோடா, பவுடர் அளவைப் பாருங்கள். ‘குவித்த டீஸ்பூன்’ பெரிய வில்லன். தலைதட்டி அளக்க வேண்டும், டீ கலக்கும் ஸ்பூனில் அளக்கவே கூடாது. அளவு சரியாக இருந்தால், வேகாமல் எடுத்திருப்பீர்கள். எழும்பாமல் கனத்துப் போனால் பவுடர் பழையது, அல்லது கலந்த மாவு வெளியே காத்திருந்தது. சோப்பு வாடை வந்தால் புளிப்பு போதவில்லை.

பிரெட்டில் சூரியகாந்தி விதை போட்டவர்கள் மறுநாள் அதைச் சுற்றிப் பச்சை நிறத்தைக் கண்டு பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடுவது உண்டு. அந்த விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தன்மை மிஞ்சிய மாவில் பச்சையாக மாறும். தின்பதில் கெடுதல் இல்லை. ஆனால் மாவில் சோடா மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அடுத்த முறை சோடாவைக் குறையுங்கள், அல்லது தயிரைக் கூட்டுங்கள்.

மலை ஊர்களில் காற்றழுத்தம் குறைவு, அதே வாயு அதிகமாக விரியும். 2,000 மீட்டரைத் தாண்டிய ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்துத் தொடங்கலாம். மேலே சொன்ன அளவில் ஒரு டீஸ்பூனும் அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் போதும்.

டின்னில் உள்ள பொடிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரைக் கால் கப் கொதிக்கும் நீரில் போடுங்கள். படபடவென்று நுரைத்துப் பொங்க வேண்டும். சோடாவைச் சோதிக்க வெந்நீர் வேண்டாம், வினிகரில் போட்டுப் பாருங்கள். சோடா ஈரம் படாமல் இருந்தால் நீண்ட காலம் தாங்கும். பேக்கிங் பவுடர் அப்படியில்லை. சென்னைபோன்ற ஈரக் காற்றுள்ள ஊரில் மூடியைச் சரியாக மூடாத டின்னுக்குள் அமிலமும் சோடாவும் மெல்ல மெல்லச் சந்தித்துக்கொண்டே இருக்கும். திறந்த தேதியை டின்னின் மேல் எழுதி வையுங்கள். ஆறு மாதம் தாண்டினால் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் சோதித்துவிட்டு மாவைச் சலியுங்கள். ஈர ஸ்பூனை மட்டும் ஒருபோதும் உள்ளே விடாதீர்கள்.